எக்ஸ்பி ஏற மறுக்கும் கணினி

சிவகாசிப் பக்கம் ஒரு சிறிய அச்சகம். நடத்துபவர் எனக்குத் தூரத்து உறவு. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தை மாத முகூர்த்த சீசன் சூடு பிடித்திருந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, பழைய சிஸ்டம் படுத்துருச்சு. மதர்போர்டு போயிருச்சுங்கிறாங்க. புதுசா ஒண்ணு வாங்கிட்டேன். அதுல அந்த எக்ஸ்பியை மட்டும் போட்டுக் குடுத்துருங்க. கல்யாணப் பத்திரிகை பதினேழு நிக்குது."

'மட்டும்' என்ற அந்தச் சொல்லில் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்பதை அடுத்த இரண்டு நாளில் இருவரும் தெரிந்துகொண்டோம்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அப்புறம் ஏன் ஒருவர் அதைத் தேடிப் போக வேண்டும்? அண்ணாச்சியின் காரணம் நியாயமானது. இருபது ஆண்டுக்கு மேல் அவர் அடித்த பத்திரிகைகள், நினைவு மலர்கள், கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகக் கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்ததும் 2001-இல்தான். அதற்கு யூனிகோடு தெரியாது. அதில் இருக்கும் தமிழ், 8 பிட் எழுத்துருத் தமிழ்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 8 பிட் என்றால் மொத்தம் 256 இடங்கள். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கிலத்துக்கென்று ஒதுக்கிய அந்த இடங்களிலேயே 'க', 'கொம்பு', 'கால்' ஆகியவற்றின் வடிவங்களை உட்கார வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான். கண்ணுக்கு மட்டும் தமிழ். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. ஆனாலும் பழகிய எழுத்துருவை விட்டு அச்சகங்கள் எளிதில் நகரவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். அண்ணாச்சியிடம் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள், கணினியின் முதுகில் பேரலல் போர்ட்டில் ஒரு டாங்கிள் செருகியிருந்தால்தான் இயங்கும். தீப்பெட்டி அளவு இருக்கும் அந்தப் பூட்டு தொலைந்தால் மென்பொருளும் தொலைந்தது என்று பொருள்.

புதிய கணினியின் முதுகைப் பார்த்தேன். பேரலல் போர்ட்டே இல்லை.

அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எக்ஸ்பி சீ.டி.யைப் பென் டிரைவுக்கு மாற்றிச் செருகினேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பழுது கணினியிலும் இல்லை, பென் டிரைவிலும் இல்லை. கணினி கண்விழிக்கும் முறையே இடையில் மாறிவிட்டது.

பழைய கணினியில் மின்சாரம் வந்ததும் பயாஸ் என்னும் சிறு நிரல் எழுந்து, ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்து, நினைவகத்தில் போட்டு, "இனி உன் பாடு" என்று அதனிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். அந்த 512 பைட்டிலிருந்துதான் விண்டோஸ் படிப்படியாக எழும். இன்றைய கணினிகளில் பயாஸின் இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. உட்கார்ந்திருக்கிறது. முதல் 512 பைட்டில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. வட்டில் தனக்கென்று ஒதுக்கிய பகுதிக்குப் போய், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். வீட்டுக் கணினிக்கான எக்ஸ்பியில் அப்படி ஒரு கோப்பே கிடையாது. நடுவில் பல ஆண்டுகள் மதர்போர்டுகள் இரண்டு முறையையும் தாங்கின. அமைப்புப் பக்கத்தில் லெகசி அல்லது சி.எஸ்.எம். என்று ஒரு வரி இருக்கும்; அதை இயக்கினால் யூ.இ.எஃப்.ஐ. பழைய பயாஸ் போல நடந்துகொள்ளும். 2020-க்குள் அந்த வசதியைக் கைவிடப்போவதாக இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. அண்ணாச்சியின் புதுக் கணினியில் அந்த வரி இல்லை.

இருந்திருந்தாலும் வெகுதூரம் போயிருக்க முடியாது. எக்ஸ்பி பிறந்தது 2001. சாட்டா வட்டுகளோடு கணினி பேசும் ஏ.எச்.சி.ஐ. முறை வந்தது 2004. யூ.எஸ்.பி. 3.0 வந்தது 2008. மதர்போர்டில் படுத்த வாக்கில் செருகும் என்.வி.எம்.இ. வட்டின் முதல் வரையறை 2011. இவற்றில் எதையும் 2001-இல் அச்சான சீ.டி. கேள்விப்பட்டிருக்க முடியாது. இயங்குதளத்தின் முக்கிய வேலை வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது. வன்பொருள் ஒவ்வொன்றின் மொழியும் 'டிரைவர்' என்ற சிறு நிரலில் இருக்கிறது. பிறக்காத பொருளுக்கு யாரும் டிரைவர் எழுதி வைக்க முடியாதே.

யூ.எஸ்.பி. விஷயத்தில் இதன் விளைவு கொடுமையாக இருக்கும். 2015-இல் வந்த இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறையோடு, பழைய யூ.எஸ்.பி. 2.0 கட்டுப்படுத்தி சிப்செட்டிலிருந்து எடுக்கப்பட்டது. எல்லா யூ.எஸ்.பி. துளைகளும் புதிய கட்டுப்படுத்தியின் கீழ் போய்விட்டன. அப்படிப்பட்ட கணினியில் எக்ஸ்பி நிறுவலைத் தொடங்கினால் "என்டர் அழுத்துங்கள்" என்று திரை கேட்கும், நாம் அழுத்துவோம், ஒன்றும் நடக்காது. விசைப்பலகை என்று ஒன்று செருகியிருப்பதே எக்ஸ்பிக்குத் தெரியாது. வட்டத் துளையுள்ள பழைய பி.எஸ்.2 விசைப்பலகை இருந்தால் பிழைத்தோம். விண்டோஸ் 7-க்கும் இதே கதிதான், அதன் டி.வி.டி.யிலும் யூ.எஸ்.பி. 3.0 டிரைவர் கிடையாது.

அண்ணாச்சியின் மைத்துனர் கடையில் 2011-இல் வாங்கிய ஓர் அசெம்பிள் செட் பரணில் கிடந்தது. பேரலல் போர்ட், பி.எஸ்.2 துளை இரண்டும் அதில் இருந்தன. தூசு தட்டி இறக்கினோம். எக்ஸ்பி நிறுவல் தொடங்கியது. நீலத் திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. அண்ணாச்சியின் முகத்தில் வெளிச்சம் வந்த நேரத்தில் வேறொரு நீலத் திரை வந்து நின்றது. அதில் நீளமான பிழை எண், கடைசியில் 7பி.

பழைய இயங்குதளத்தோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும் தெரிந்த எண் அது. 'தொடக்க வட்டை அணுக முடியவில்லை' என்பது அதன் பொருள். வட்டிலிருந்தும் சீ.டி.யிலிருந்தும்தான் அதுவரை எல்லாம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று அணுக முடியவில்லை என்றால் எப்படி? தொடக்கக் கட்டத்தில் விண்டோஸ் வட்டைத் தானே படிப்பதில்லை. பயாஸிடம் கேட்டுப் படிக்கிறது. விண்டோஸின் கருநிரல் (கெர்னல்) முழுதாக எழுந்ததும் பயாஸை விட்டுவிட்டு, தன் சொந்த டிரைவர் மூலம் வட்டைப் பிடிக்கப் பார்க்கிறது. ஏறி வந்த ஏணியைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைத் தேடும் நொடி அது. ஏ.எச்.சி.ஐ. டிரைவர் இல்லாததால் கைப்பிடி கிடைக்கவில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. டிரைவரை நாமே கொடுப்பது ஒன்று. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தினால் எக்ஸ்பி வெளியிலிருந்து டிரைவர் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதை ஃபிளாப்பியில்தான் கேட்கும். ஃபிளாப்பி இல்லாதவர்கள் என்லைட் என்ற கருவியால் டிரைவரைச் சீ.டி.க்குள்ளேயே கலந்து புதுச் சீ.டி. எரித்துக்கொள்வார்கள். இன்னொன்று எளிய வழி: பயாஸில் வட்டின் முறையை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்கு மாற்றுவது. அப்போது சாட்டா வட்டு, எக்ஸ்பி அறிந்த பழைய வட்டு போலப் பேசும். வேகம் சற்றுக் குறையும். பத்திரிகை அடிக்க அது போதும். மாற்றினேன். "இன்னும் சுமார் 39 நிமிடம்" என்று சொல்லும் அந்தப் பழைய திரை வந்தது. எக்ஸ்பி போட்ட யாரும் அந்த 39-ஐ மறக்க மாட்டார்கள்.

இங்கே வன்பொருள் பழக்கமில்லாததால் இயங்குதளம் திகைத்தது. வன்பொருள் வேகமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மென்பொருள் இறந்துபோவதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1990-களில் டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள், 200 மெகாஹெர்ட்ஸ் அளவிலான வேகமுள்ள செயலிகள் வந்தபோது, தொடங்கிய நொடியிலேயே 'பிழை 200' என்று சொல்லி நின்றன. பிழை 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல். ஆனால் அந்த நிரலில் எங்கும் பூஜ்யத்தால் வகுக்கும் கணக்கே இல்லை. நடந்தது இதுதான்: ஒரு மில்லி விநாடி காத்திருக்க எத்தனை முறை வெறுஞ்சுற்றுச் சுற்ற வேண்டும் என்று அந்த நிரல் தொடக்கத்திலேயே அளந்து வைத்துக்கொள்ளும். கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு ஏறத்தாழ 55 மில்லி விநாடி. அந்த 55-இல் எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணி, 55-ஆல் வகுக்கும். விடையை 16 பிட் பெட்டியில் போடும். அந்தப் பெட்டியில் 65,535-க்கு மேல் கொள்ளாது. செயலி வேகமானபோது விடை அதைத் தாண்டியது. வகுத்தல் விடை பெட்டியில் அடங்காவிட்டாலும், பூஜ்யத்தால் வகுத்தாலும், இன்டெல் செயலி எழுப்பும் எச்சரிக்கை ஒன்றேதான். அதைக் கேட்ட நிரல் தப்பாகப் புரிந்துகொண்டு உயிரை விட்டது.

விண்டோஸ் 95-உம் இதே குழியில் விழுந்தது. ஏ.எம்.டி.யின் கே6-2 செயலி 350 மெகாஹெர்ட்ஸைத் தொட்டபோது பல கணினிகளில் அது தொடக்கத்திலேயே நின்றது. வெறுஞ்சுற்றுக்குப் பயன்படும் கட்டளையை அந்தச் செயலி மிக வேகமாக முடித்துவிட்டதால் நேர அளவீடு குலைந்தது. திருத்தம் வந்தது. பின்னால் 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட செயலிகளில், அதன் வலையமைப்புப் பகுதியில் இதே மாதிரியான கோளாறு மறுபடி தலைகாட்டியது. அதனால்தான் பழைய டாஸ் நிரல்களை இன்று ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸில் செயலியின் வேகத்தைக் குறைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சியை டாஸ்பாக்ஸ் சன்னலுக்குள் ஓட்டிப் படித்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

எக்ஸ்பி காலத்து எல்லைகளில் பலவற்றுக்கு ஒரே எண் மூலமாக இருக்கிறது: 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் 32 பிட் முகவரி கொடுத்தால் 4 ஜி.பி.யோடு முகவரி தீர்ந்துவிடும். அதிலும் ஒரு பங்கைக் கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். 4 ஜி.பி. ராம் போட்டும் எக்ஸ்பி மூன்று சொச்சம்தான் காட்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் மீது தப்பில்லை. வட்டில் 512 பைட் கொண்ட துண்டுகளுக்கு இதே 32 பிட் எண்ணைக் கொடுத்தால் 2 டி.பி.யோடு எண்ணிக்கை முடிகிறது. விண்டோஸ் 95-உம் 98-உம் கணினி எழுந்ததிலிருந்து கடந்த மில்லி விநாடிகளை 32 பிட்டில் எண்ணின, 49.7 நாளில் அது நிரம்பி, கணினி உறைந்துவிடும். அத்தனை நாள் நிற்காமல் ஓடிய விண்டோஸ் 95 மிக அபூர்வம் என்பதால், இந்தப் பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

முதல் எக்ஸ்பி சீ.டி.யில் இதைவிடக் குறுகிய சந்து ஒன்றும் இருந்தது. வட்டின் துண்டுகளை அது 28 பிட்டில் எண்ணியதால் 137 ஜி.பி.க்கு மேல் பார்க்காது. 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில்தான் அது சரியானது. பழைய சீ.டி. கையில் இருந்தால், அதன் மேல் எந்த சர்வீஸ் பேக் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 2008-இல் வந்த மூன்றாவதுதான் கடைசி.

பழைய கணினியிலேயே பழைய இயங்குதளத்தைப் போடுவது சுலபம் என்று தோன்றும். மென்பொருள் பக்கம் சுலபம்தான். உடல்தான் தாங்காது. அண்ணாச்சியின் செத்துப்போன பென்டியம் 4 மதர்போர்டைத் திறந்து பார்த்தேன். செயலியைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களில் நான்கின் தலை பொங்கல் பானை போல உப்பி, ஒன்றில் பழுப்பு நீர் கசிந்து உறைந்திருந்தது. 2000-களின் தொடக்கத்தில் தயாரான ஏராளமான மதர்போர்டுகளுக்கு இதே நோய் வந்தது. உள்ளிருக்கும் மின்பகு திரவம் தரமில்லாமல் வாயுவை உண்டாக்கி மூடியைத் தள்ளியதுதான் காரணம். நல்ல கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் அவற்றைக் கழற்றி, அதே மதிப்புள்ள புதியவற்றைப் பற்றவைத்து உயிர் கொடுக்க முடியும். காசு அளவு இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோனால் தேதியும் பயாஸ் அமைப்புகளும் அழிந்துபோகும். நாம் மாற்றி வைத்த ஐ.டி.இ. முறையும் அதோடு போய், 7பி திரை மறுபடி வரும். பேட்டரியின் விலை ஒரு டிபன் செலவுதான். எக்ஸ்பி போடும் முன் மாற்றிவிடுங்கள்.

பரண் கணினியின் பேரலல் போர்ட்டில் செருகியதும் டாங்கிள் பிரச்சினை தீர்ந்தது. அதன் பிறகு புதுக் கணினியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் எக்ஸ்பியை ஏற்றினேன். ஒரு தடங்கலும் இல்லை. வெளியே கால் வைக்கவே மறுத்த அதே கணினியில் உள்ளே சாவதானமாக ஏறியது. மெய்நிகர் கணினி, எக்ஸ்பிக்கு ஒரு பழைய வீட்டைக் கட்டிக் காட்டுகிறது: 1990-களின் இன்டெல் சிப்செட், பழைய ஐ.டி.இ. வட்டு, எக்ஸ்பி சீ.டி.யிலேயே டிரைவர் உள்ள ஏ.எம்.டி. நெட்வொர்க் கார்டு. வி.எம்.வேர் காட்டுவதும் 1998-இல் வந்த 440பி.எக்ஸ். சிப்செட்டைத்தான். வட்டு என்று எக்ஸ்பி நினைப்பது உண்மையில் ஒரு பெரிய கோப்பு. ஆனால் கணக்குகளை உண்மைச் செயலியே நேரடியாகச் செய்கிறது. 2005-06 முதல் இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளில் இதற்கென்றே வசதி இருக்கிறது. பயாஸில் அதை இயக்கி வைக்க வேண்டும். டாங்கிள் மட்டும் எனக்கு அதற்குள் சரிவரவில்லை. அதனால் தட்டச்சு வேலை பரண் கணினியில், பழைய கோப்புகளைத் திறந்து பார்ப்பது புதியதில் என்று பிரித்துக்கொண்டோம்.

மெய்நிகர் எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்தபோது அண்ணாச்சி திடுக்கிட்டார். எல்லாச் சொல்லிலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் 'கெ' என்பதை முதலில் 'க', பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கிறோம். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது இயங்குதளத்தின் வேலை. எக்ஸ்பியில் அந்த வசதி உண்டு, ஆனால் தானாக இயங்காது. கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவச் சொல்லி ஒரு டிக் போட வேண்டும், சீ.டி.யை மறுபடி கேட்கும். போட்டதும் கொம்புகள் தம் இடத்துக்கு வந்தன. இணையத்தில் தமிழ் வளர்ந்த ஆண்டுகளில் எத்தனையோ பேர் இந்த ஒரு டிக் தெரியாமல், தமிழ்த் தளங்கள் உடைந்திருப்பதாக நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அண்ணாச்சியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: எக்ஸ்பி கணினியில் நெட் கேபிளைச் செருகவே கூடாது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, இணையத்தில் இருந்த எக்ஸ்பி கணினிகளில் யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே நுழைந்தது. 60 விநாடியில் கணினி அணையப்போகிறது என்று திரையில் எண்ணிக்கை ஓடும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற புழு தாக்கியபோது நிலைமை எவ்வளவு மோசம் என்று கண்ட மைக்ரோசாஃப்ட், ஆதரவை நிறுத்தி மூன்று ஆண்டு கழிந்த எக்ஸ்பிக்கும் திருத்தம் வெளியிட்டது. அப்படி ஒரு கருணையை ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்க முடியாது. இணைத்தாலும் பெரிய பயன் இல்லை: எக்ஸ்பியோடு வந்த உலாவி இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்பு மொழியைப் பேசாது, பெரும்பாலான பக்கங்கள் திறக்கவே திறக்காது.

அச்சகத்தில் கேபிளைவிடப் பெரிய ஆபத்து பென் டிரைவ். நாள் முழுக்க வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற புழு பென் டிரைவ் வழியாகவும் வந்தது. செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதிதான் அதற்குக் கதவு. அண்ணாச்சி கணினியில் அதை முடக்கினேன். வெளியார் பென் டிரைவ் முதலில் புதுக் கணினியில், வைரஸ் சோதனைக்குப் பிறகு கோப்பு மட்டும் கடையின் சொந்தப் பென் டிரைவில் எக்ஸ்பிக்கு. இந்த ஒழுங்கை அவர் இன்றும் விடாமல் கடைப்பிடிக்கிறார்.

பதினேழு பத்திரிகையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அண்ணாச்சியின் பழைய ஐ.டி.இ. வட்டில் 2009-க்கு முந்தைய ஒரு கோப்புறை திறக்கவில்லை. அதில் இருந்தது ஊர்க் கோயிலின் வரலாற்று மலர். அச்சான பிரதி ஒன்றுதான் மிச்சம்.

உங்கள் வீட்டிலோ கடையிலோ பாமினி போன்ற பழைய எழுத்துருவிலும் டாமிலும் பேஜ்மேக்கரிலும் அடைந்து கிடக்கும் தமிழ் இருந்தால், பழைய கணினி இன்னும் எழுகிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். எழும்போதே வட்டை முழுதாக நகலெடுங்கள். அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே எடுங்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாளுக்கு ஒரு கோப்பாக யூனிகோடுக்கு மாற்றத் தொடங்குங்கள்.